கடுவன் பூனைக்கும் காயடிப்பா?

நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் காயடிப்பு புதிய சங்கதி அல்ல. காளைக்கன்றைக் காயடித்து எருதாக்கி ஏரில் பூட்டிய ஊர்கள் இவை. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் வயலை உழுது மரமடித்தது அந்த எருதுதான். கிடாக்குட்டிக்கு விதையடித்தால் உடம்பு பிடிக்கும், இறைச்சியில் முடை வீசாது என்பதும் ஆடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால், அதே வீட்டு அடுக்களைப் படியில் சுருண்டு படுத்திருக்கும் கடுவன் பூனைக்கு ஆபரேஷன் செய்துவிடலாமே என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் பதிலாக வரும். 'பூனைக்குமா? அதெல்லாம் பட்டணத்துக்காரர் வேலை' என்று பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இது சிரித்துத் தள்ளும் விஷயம் அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் நெல்லும் வைக்கோலும் உள்ள வீடுகளிலும், கல்குளம், விளவங்கோடு பக்கம் தென்னையும் மரச்சீனியும் உள்ள வீடுகளிலும் பூனை என்பது செல்லப்பிராணி மட்டும் அல்ல. சம்பளம் வாங்காத காவற்காரன். பத்தாயத்து நெல், மூட்டையில் கிடக்கும் புண்ணாக்கு, மச்சில் போட்ட தேங்காய் எல்லாவற்றுக்கும் எலி வருகிறது. தின்று தீர்ப்பதைவிட, சிறுநீரும் புழுக்கையும் கலந்து அது பாழாக்குவதே அதிகம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயம் வேறு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத்தான் அந்த நோய் முதலில் வரும். ஆகவே வீட்டில் ஒரு நல்ல பூனை இருப்பது ஆதாயம்.

அந்த ஆதாயம் கடுவன் பூனையிடம் எத்தனை நாள் நிலைக்கிறது என்பதுதான் கேள்வி. ஆறு, ஏழு மாதம் வரை வீட்டையே சுற்றிக்கொண்டிருந்த குட்டி, பருவம் வந்ததும் இரவில் தங்குவதில்லை. பெட்டைப் பூனையின் குரல் எங்கே கேட்டாலும் அங்கே போகிறது. இரண்டு நாள் கழித்துக் கிழிந்த காதோடும் வீங்கிய முகத்தோடும் திரும்புகிறது. பூனையின் பல் ஊசி போன்றது. கடித்த இடத்தில் மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். பக்கத்துத் தோட்டத்தில் எலிக்கு விஷம் வைத்திருந்தால், அதைத் தின்று கிறங்கிக் கிடக்கும் எலியைப் பிடித்துத் தின்று சாகிற பூனையும் உண்டு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சாலையில் இராத்திரி வண்டிக்கு அடிபட்டுக் கிடப்பதும் உண்டு. கடுவன் காணாமற்போனால் யாரும் தேடுவதில்லை. 'கடுவன் அப்படித்தான், தங்காது' என்று சொல்லி அடுத்த குட்டியை எடுத்து வளர்க்கிறார்கள். அந்தக் குட்டி எலி பிடிக்கப் பழகி, நன்றாக வேட்டையாடத் தொடங்கும் வயதில் அதுவும் போய்விடுகிறது. பால் ஊற்றி, மீன் போட்டு வளர்த்த வீட்டுக்கு இது நஷ்டக் கணக்கு.

நாற்றம் இன்னொரு தொல்லை. வளர்ந்த கடுவன் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு சுவரிலும் தூணிலும் மூட்டையிலும் சிறுநீரைப் பீச்சி அடிப்பது எல்லைக்கல் போடுகிற மாதிரி. ஒருமுறை நெல் மூட்டையில் பட்டால் அந்தச் சாக்கை வெளியே எறிவதே மேல். கிடாவின் முடைக்கும் இந்த நாற்றத்துக்கும் காரணம் ஒன்றே. விதையில் சுரக்கும் ஆண் சுரப்பு நீர்தான் இரண்டையும் உண்டாக்குகிறது. கிடாவுக்குப் பொருந்துகிற நியாயம் பூனைக்குப் பொருந்தாமல் போக வழியில்லை.

எலி பிடிக்காதா?

விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காயடித்த பூனை சோம்பேறியாகி எலியை விட்டுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. வேட்டையாடும் குணம் இனச்சேர்க்கையோடு வருவது அல்ல. தாய்ப்பூனையிடம் குட்டியாக இருக்கும்போதே வருவது. இரண்டு மாதக் குட்டி பல்லியைத் துரத்துகிறதே, அப்போது அதற்கு ஏது ஆண் சுரப்பு நீர்? காயடித்த காளை உழவை மறந்ததா? முட்டுவதையும் பசுவின் பின்னால் ஓடுவதையும் விட்டுவிட்டு வேலைக்கு அடங்கியது, அவ்வளவுதான். கடுவனும் ஊர் சுற்றுவதில் செலவழித்த இராத்திரியைத் தன் வீட்டுப் படப்படியிலேயே கழிக்கும்.

அறுவைக்குப் பிறகு பத்துக் கடுவன்களில் எட்டு, ஒன்பதில் ஊர் சுற்றுவதும் சண்டையும் சிறுநீர் பீச்சுவதும் குறைந்துவிடுகின்றன என்பது மேல்நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. சிலவற்றில் உடனே குறையும். சிலவற்றில் சில வாரம், மாதம் ஆகும். பத்தில் ஒன்றோ இரண்டோ பழைய பழக்கத்தை முழுவதும் விடாது. பல வருஷம் ஊர் சுற்றிப் பழகிய கிழட்டுக் கடுவனிடம் அதிகமாக எதிர்பார்க்கக் கூடாது. அதனால்தான் பருவம் வருவதற்கு முன், நான்கிலிருந்து ஆறு மாத வயதுக்குள் செய்துவிடுவது நல்லது என்று கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் செய்த பூனைக்குக் கடுவனுக்கே உரிய உப்பிய கன்னமும் தடித்த கழுத்தும் வராது. பார்வைக்குப் பெட்டை போல இருக்கிறதே என்று சிலர் குறைப்படலாம். எலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெருச்சாளி விஷயத்தில் மட்டும் பூனையை நம்பக் கூடாது. சுண்டெலியையும் இளம் எலியையும் பூனை பார்த்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிவிடும். இதற்கும் காயடிப்புக்கும் சம்பந்தம் இல்லை. அறுவைக்குப் பின் பெருச்சாளி தென்பட்டால் பழியைக் கத்தியின் மேல் போட வேண்டாம்.

மாடு வேறு, பூனை வேறு

இங்கேதான் விவசாயியின் அனுபவமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. மாட்டுக்குக் காயடித்ததைப் பார்த்தவர் பூனைக்கும் அதுபோல முடித்துவிடலாம் என்று நினைக்கிறார். முற்காலத்தில் கன்றைக் கட்டிப்போட்டு விதையைக் கட்டையால் நசுக்கினார்கள். பிறகு பர்டிசோ இடுக்கி வந்தது. தோலைக் கிழிக்காமல் விதைக்குப் போகும் நரம்பையும் இரத்தக்குழாயையும் மட்டும் நசுக்கும் கருவி அது. பொலிகாளையின் தரத்தை ஒழுங்குபடுத்தச் சென்னை மாகாணத்தில் 1940-இலேயே சட்டம் வந்தது. குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே மாட்டுக்குக் காயடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். டிராக்டர் வந்து ஏர்மாடு குறைந்த பிறகு அந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டுப் பூனையைச் சாக்கில் தலைகீழாகப் போட்டுப் பிடித்துக்கொண்டு பிளேடால் அறுப்பது கொடுமை. மயக்கம் இல்லாமல் அறுத்த பூனை வலியால் துடித்து ஓடும்; எங்கேயாவது பதுங்கி இரத்தம் வடிந்தோ புண் புழுத்தோ சாகும். பர்டிசோ இடுக்கியோ, ஆட்டுக்குட்டிக்குப் போடும் ரப்பர் வளையமோ பூனைக்கு உரியவை அல்ல. பிராணிகளுக்குத் தேவையற்ற வேதனை தருவதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, பூனை பிழைக்க வேண்டுமானாலும் இதைப் படித்த கால்நடை டாக்டரிடம், மயக்க ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும்.

வீட்டருகே உள்ள கால்நடை மருந்தகம் எல்லாவற்றிலும் பூனைக்கு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும் வசதி இருக்கும் என்று எண்ணிப் புறப்பட்டுவிடக் கூடாது. முதலில் பூனை இல்லாமல் போய் விசாரித்து நாள் கேட்டு வருவது நல்லது. தனியார் டாக்டரானால் மருந்து, மயக்கம், மறுமுறை பார்ப்பது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம். நெல்லை ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு விதை மட்டும் இறங்கி மற்றொன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட பூனைகள் உண்டு. அவற்றுக்கு வயிற்றைத் திறந்து தேட வேண்டியிருக்கும். அத்தகைய பூனைகளை இது போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோவதே பத்திரம். 'ஒன்றை எடுத்தாயிற்று, போதும்' என்று விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் விதை சுரந்துகொண்டேதான் இருக்கும். பூனையின் குணத்தில் மாற்றமே தெரியாது.

போவதற்குச் சில வாரம் முன்பே பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்டுவிடுவது முறை. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போடலாம். நாய்தான் வெறிநோய் பரப்பும், பூனை பரப்பாது என்ற எண்ணம் தவறு. வெறிநாய் கடித்த பூனைக்கும் நோய் வரும். அது கடித்தால் மனிதனுக்கும் வரும்.

முந்தின இரவு

இந்த ஆபரேஷனில் வீட்டுக்காரர் கையில் இருக்கும் மிகப் பெரிய பொறுப்பு முந்தின இரவுதான். வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து ஏறும்போது பூனைக்கு வாந்தி வருவது சாதாரணம். வயிற்றில் இரை இருந்தால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நகரத்துப் பூனைக்குத் தட்டை எடுத்துவிட்டால் பட்டினி. நாஞ்சில் நாட்டு வீட்டுப் பூனைக்கு அப்படி அல்ல. வீட்டுக்காரர் சோறு போடாவிட்டால் அது படப்புக்குப் போய் எலியைத் தின்னும். அடுத்த வீட்டு மீன்கழிவைத் தின்னும். காலையில் 'ஒன்றும் தின்னவில்லை டாக்டர்' என்று வீட்டுக்காரர் மனதார நம்பிச் சொல்வார். வயிற்றுக்குள் ஓர் எலி இருக்கும்.

ஆகவே முந்தின மாலையே பூனையைப் பிடித்து ஓர் அறையில் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் தேடினால் அகப்படாது என்பது பூனை வளர்த்த அனைவருக்கும் தெரிந்ததே. இரவில் கடைசியாகக் கொஞ்சம் கொடுத்து, டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பின் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தண்ணீரைக் காலை வரை வைக்கலாம். நான்கு மாதத்துக்கும் குறைந்த சின்னக் குட்டியானால் நீண்ட பட்டினி ஆகாது. அதற்குச் சில மணி நேரமே போதும் என்பதால் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பூனை ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லி வேறு நாள் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கொண்டுபோக மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையோ கம்பிக் கூண்டோ வேண்டும். சாக்கு வேண்டாம், மூச்சு முட்டும். பனையோலைக் கடவத்தைப் பூனை நகத்தால் பிரித்துவிடும். பஸ்ஸின் இரைச்சலில் வெளியே பாய்ந்த பூனையை நாகர்கோவில் பஸ் நிலையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் அல்ல. கூண்டின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மறைத்தால் பூனை அடங்கி இருக்கும்.

பத்து நிமிஷ வேலை

ஆபரேஷன் சின்னது. டாக்டர் பூனையின் இருதயத்தையும் மூச்சையும் பார்த்து, எடை போட்டு, மயக்க ஊசி போடுவார். விதைப்பை மேல் உள்ள ரோமத்தை நீக்கிச் சுத்தம் செய்து, சிறு கீறல் போட்டு, விதைகளை வெளியே எடுத்து, இரத்தக்குழாயை முடிச்சிட்டு அறுத்துவிடுவார். பழகிய கை பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடும். பெரும்பாலும் தையல் போடுவதில்லை. கீறல் திறந்தே இருந்து தானே மூடிக்கொள்வதுதான் வழக்கமான முறை. 'தையல் போடாமல் அனுப்பிவிட்டாரே' என்று பதறத் தேவையில்லை. பெட்டைப் பூனைக்குச் செய்வதுதான் வயிற்றைத் திறக்கும் பெரிய ஆபரேஷன். ஆண் பூனைக்கு அப்படி இல்லை.

மயக்கத்தில் இருக்கும் பூனையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கண் திறந்தபடியே இருக்கும்; உள்மூலையிலிருந்து வெண்சவ்வு பாதிக் கண்ணை மறைத்திருக்கும்; நாக்கு வெளியே தள்ளியிருக்கும். இவை மருந்தின் குணம். மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. பிரிட்டனில் 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் மயக்கத்தோடு தொடர்புள்ள மரணம் கண்டிருக்கிறார்கள். நோயுற்ற பூனைகளில் அது பல மடங்கு கூடுதலாக இருந்தது. சளி பிடித்த, கழிச்சல் உள்ள, தெள்ளுப்பூச்சி மொய்த்து இரத்தம் வற்றிய பூனையை அவசரப்பட்டுக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஊர் சுற்றும் கடுவனுக்குச் சாலையும் எலி விஷமும் சண்டையும் வைத்திருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆயிரத்தில் ஒன்று சின்ன ஆபத்துத்தான்.

வீடு திரும்பியதும்

பெரும்பாலும் அன்று மாலையே பூனை வீடு திரும்பும். தள்ளாடும், சுவரில் முட்டும், தலையை ஆட்டும். இந்த நிலையில் அதை முற்றத்தில் விடுவது பெருந்தவறு. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறு, மச்சுக்குப் போகும் ஏணி, பின்கட்டில் திரியும் நாய் எல்லாம் எமனாகும். சன்னல் சாத்திய, வெளிச்சம் குறைந்த அறையில் தரையோடு தரையாக ஒரு பழைய துணி விரித்துக் கிடத்த வேண்டும். கட்டில் மேல் வைத்தால் விழும். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வேடிக்கை காட்ட வேண்டாம். மயக்கம் தெளியும் பூனைக்குச் சத்தம் ஆகாது. வளர்த்தவர் கையையே கடிக்கும். நன்றாக நின்று நடக்கத் தொடங்கிய பின் கொஞ்சம் தண்ணீர், பிறகு வழக்கத்தில் பாதி உணவு. பசிக்குமே என்று மயக்கத்தில் இருக்கும்போதே பாலை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் நாள் ஓரிரு துளி இரத்தம் கசியலாம். விதைப்பை வீங்கி, எடுத்த விதை இன்னும் உள்ளே இருப்பது போலத் தோன்றும். 'டாக்டர் எடுக்கவே இல்லை' என்ற சந்தேகம் பல வீடுகளில் இப்படித்தான் எழுகிறது. சில நாளில் வடிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் புண் ஆறிவிடும். இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சீழும் நாற்றமும் கண்டாலோ, மறுநாள் முழுவதும் ஒன்றும் தின்னாமல் படுத்திருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நாட்டுப்புறத்தில் இதைவிடப் பெரிய பயம் ஈ. தொழுவம் உள்ள வீட்டில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். மாட்டின் புண்ணில் இதைப் பார்க்காத விவசாயி இல்லை. அதனால் புண் ஆறும் வரை பூனையைத் தொழுவத்துப் பக்கம் விடாமல் வீட்டுக்குள் வைத்து, காலையும் மாலையும் புண்ணைப் பார்க்க வேண்டும். மலங்கழிக்க மணலும் சாம்பலும் வைத்தால் புண்ணில் ஒட்டும். ஒரு தட்டில் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுவைத்தால் போதும். ஓயாமல் நக்கிப் புண்ணைப் பெரிதாக்கும் பூனைக்குக் கழுத்தில் புனல் போன்ற பட்டை போட டாக்டர் சொல்வார்.

கைவைத்தியம் இங்கே கூடவே கூடாது. மாட்டுப் புண்ணுக்குப் போடுவதையெல்லாம் பூனைக்குப் போட முடியாது. தடவியதை அது நக்கித் தின்றுவிடும். பினாயில், டெட்டால் போன்றவை பூனைக்கு விஷம். அந்த அறைத் தரையைக்கூடப் பினாயிலால் மெழுகக் கூடாது. உண்ணிக்காக மாட்டுக்கும் நாய்க்கும் போடும் பெர்மெத்ரின் வகை மருந்து பூனையைக் கொன்றுவிடும். எல்லாவற்றிலும் கொடியது, இரக்கப்பட்டுக் கொடுக்கும் பாராசிட்டமால். வலிக்குமே என்று வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அந்த ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரிக்கும் சக்தி இல்லை. வலிக்கு மருந்து வேண்டுமானால் டாக்டரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

பின்னால் தெரிவது

விதையை எடுத்த மறுநாளே பூனை மலடாகிவிடாது. ஏற்கெனவே குழாயில் தங்கிய விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை பெட்டையோடு சேரவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

உடம்பு போடுவது உண்மை. அலைச்சல் குறைந்து பசி கூடுவதால் பழைய அளவில் தின்றால் கொழுப்பு சேரும். முன்பு போட்டதில் கால் பங்கைக் குறைத்தால் சரியாக இருக்கும். குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் சாளைத் தலையும் கழிவும் பூனைக்குத் தாராளமாகக் கிடைக்கும். அங்கே இந்தக் கட்டுப்பாடு சற்றுச் சிரமமே. மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து வைப்பதும் நல்லதல்ல. குழம்பில் போட்ட உள்ளி பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மசாலா இல்லாமல் வேகவைத்த மீனும் சோறும் கொடுக்கலாம்.

ஆண் பூனைக்கு நீர்க்கடுப்பு வந்து அடைத்துக்கொள்வதைப் பலர் காயடிப்பின் மேல் போடுகிறார்கள். காயடிக்காத கடுவனுக்கும் இது வரும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் இயற்கையிலேயே குறுகலானது. கொழுத்துப்போய் ஓரிடத்தில் கிடக்கும் பூனைக்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கும் ஆபத்து அதிகம். கருவாட்டுத் துண்டைக் குறைத்து, தண்ணீரை எப்போதும் வைக்க வேண்டும். பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் சொட்டாவிட்டால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

சாக்கில் கட்டிய குட்டிகள்

'வாயில்லாச் சீவனின் வம்சத்தை அழிப்பது பாவம்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனசு நல்ல மனசு. ஆனால் கண்திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்திலும் ஆற்றுப் பாலத்தடியிலும் விடுவது எந்தக் கணக்கில் சேரும்? பெட்டைப் பூனையின் சினைக்காலம் இரண்டு மாதம் சொச்சம். ஓர் ஈற்றில் மூன்று, நான்கு குட்டி. வருஷத்தில் இரண்டு, மூன்று ஈற்று. இத்தனை குட்டிக்கும் வீடு எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக் கடுவனுக்கு மட்டும் செய்வதால் ஊரில் குட்டி குறைந்துவிடாது. தெருவில் மிஞ்சும் ஒரே ஒரு கடுவன் போதும், பெட்டைகளெல்லாம் சினையாகிவிடும். கடுவனுக்குச் செய்வதன் பலன் முதலில் அந்தப் பூனைக்கும் அந்த வீட்டுக்கும். ஊருக்குப் பலன் வேண்டுமானால் பெட்டைக்கும் செய்தாக வேண்டும். தெரு முழுவதும் சேர்ந்து செய்தாக வேண்டும். பெட்டைக்குச் செலவு கூடுதல் என்பதால் அதை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது நியாயம் ஆகாது.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் முயற்சியைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-இலேயே தொடங்கியது. இன்று நாய்க்கருத்தடைக்கு மத்திய அரசின் விதிகள் உண்டு. உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பும் உண்டு. பூனையை மட்டும் கேட்பார் இல்லை. பெல்ஜியத்தின் வலோனியப் பகுதியில் 2017 முதல் வீட்டுப் பூனைகளுக்குக் கருத்தடை செய்வது கட்டாயமாகவே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் கட்டாயச் சட்டம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. தாலுகாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில், மாதத்தில் ஒரு நாளைப் பூனைக்கென்று ஒதுக்கினால் போதும். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஊர் ஊராகத் தண்டோரா போட்டு மாடுகளைத் திரட்டத் தெரிந்த துறைக்கு இது முடியாத காரியம் அல்ல. நாள் நிச்சயமாகத் தெரிந்தால் ஒரு தெருவில் நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே வண்டியில் கூண்டுகளை ஏற்றிப் போய்விடலாம். வண்டிச் செலவு பகிர்ந்து போகும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் முன்கையெடுத்துப் பெயர்ப்பட்டியல் தயாரித்துக் கொடுத்தால் டாக்டருக்கும் மருந்து தருவிக்க வசதி.

அந்த நாளை மாசி, பங்குனியில் வைப்பது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தம். இரண்டு பருவமழையும் பெய்கிற பூமியில் ஈரமும் சேறும் இல்லாத காலம் அதுதான். புண் சீக்கிரம் ஆறும். கும்பப்பூ நெல் வீடு வந்து சேரும் நேரமும் அதுவே. ஆவணி, புரட்டாசியில் பிறந்த குட்டிகளுக்கு அப்போது ஐந்து, ஆறு மாதம் நடந்துகொண்டிருக்கும்.